டௌன் சிண்ட்ரோம் பற்றிய நூல்கள்: எவை உண்மையில் கைகொடுத்தன?

4 பிப்ரவரி 2024 (கேள்வி)

எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறந்த இரண்டாம் வாரத்திலேயே டௌன் சிண்ட்ரோம் (உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் மெதுவாகும் பிறவி மரபணு நிலை) என்று உறுதிசெய்துவிட்டார்கள். ஆளுக்கொரு புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். வாங்கிய மூன்றில் இரண்டை முடிக்க முடியவில்லை. படிக்கப் படிக்க அச்சம்தான் கூடுகிறது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு உண்மையில் பயன்பட்ட நூல்கள் எவை?

5 பிப்ரவரி 2024

என் தம்பிக்கு வரும் ஜூனில் 49 வயது நிறைகிறது. அவனுக்கும் டௌன் சிண்ட்ரோம்தான். எங்கள் தாயார் 2016இல் காலமானதிலிருந்து அவன் ஈசூனில் என் வீட்டில் இருக்கிறான். நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். பெற்றோராக இருந்து எழுதவில்லை, அக்காவாக இருந்து எழுதுகிறேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைப் படியுங்கள்.

முடிக்க முடியாத இரண்டு புத்தகங்களையும் குற்ற உணர்வு இல்லாமல் மூடி வையுங்கள். ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது வயதில் என்னென்ன நோய் வரலாம் என்ற அத்தியாயத்தை எவராலும் படிக்க முடியாது. முதல் ஆண்டுக்கு ‘பேபீஸ் வித் டௌன் சிண்ட்ரோம்’ என்ற ஒன்றே போதும். 1986இல் முதலில் வந்த இந்நூல் பல ஆண்டுகளாகத் திருத்தப்பட்டு மறுபதிப்புகள் கண்டது. பழைய பதிப்பு கைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதியதைத் தேடுங்கள். அதைக்கூட முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். பால் குடிக்கச் சிரமப்படுகிறாளா, அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள். இதயப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்களா, முந்தைய நாள் இரவு அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள்.

உங்கள் மாமியாருக்கு டேவிட் வெர்னர் எழுதிய ‘டிஸேபிள்டு வில்லேஜ் சில்ட்ரன்’ உதவும். 1987இல் வெளிவந்த நூல். மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில் உடற்குறையுள்ளவர்களே நடத்திய மறுவாழ்வுத் திட்டத்தின் அனுபவத்தில் விளைந்தது. ஆங்கில நூல்தான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கோட்டோவியங்கள் இருக்கின்றன: குழந்தையை எப்படி மடியில் சாய்ப்பது, கழுத்து நிற்காத பிள்ளையை எப்படிக் குப்புறப் படுக்கவைத்து விளையாட்டுக் காட்டுவது, வீட்டில் இருக்கும் துணியையும் மரத்துண்டையும் கொண்டு என்ன செய்யலாம் என்றெல்லாம் படமாகவே விளங்கும். ஹெஸ்பெரியன் பதிப்பகம் இதை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அச்செடுத்து மாமியாரிடம் கொடுங்கள். அவர் பிள்ளை வளர்த்தவர். படத்தைப் பார்த்ததும் கை தானாகப் புரிந்துகொள்ளும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 1975இல் என் தாயாரிடம் மருத்துவர் ஒருவர், இந்தப் பிள்ளை பதின்ம வயதைத் தாண்டமாட்டான் என்றார். டௌன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இறக்கும் வயதின் இடைநிலை 1983இல் 25 ஆக இருந்தது. 1997இல் அதுவே 49 ஆனது. இப்போது 60ஐ ஒட்டி நிற்கிறது. உங்கள் மகள் பிறந்திருக்கும் காலம் வேறு.

6 பிப்ரவரி 2024

நேற்று எழுதிய எண்கள் எந்த நாட்டுக்கு உரியவை என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி. 25, 49 இரண்டும் அமெரிக்க இறப்புச் சான்றிதழ்களிலிருந்து கணக்கிட்டவை, சிங்கப்பூருக்கு உரியவை அல்ல. அதை அப்போதே குறிப்பிட்டிருக்க வேண்டும். இதயக் குறைபாட்டுக்கான அறுவை சிகிச்சை பரவலானதும், பிள்ளைகளை விடுதிகளில் விட்டுவிடாமல் வீட்டில் வளர்க்கத் தொடங்கியதும் அந்த உயர்வுக்கு முக்கியக் காரணங்கள்.

11 பிப்ரவரி 2024

உங்கள் இரண்டாம் கேள்வியைப் படித்ததும் எனக்கு மனம் பதைத்தது. வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடும் என்று ஒருவர் அறிவுரை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே அறிவுரையை என் தாயாருக்கும் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் இருபது முப்பது சொற்களுக்குமேல் தெரியாது. சொன்னபடியே கேட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தம்பியிடம் “கம்”, “ஈட்”, “சிலீப்”, “நோ” என்று மட்டுமே பேசினார். என்னிடம் கதை கதையாகப் பேசும் அம்மா அவனிடம் மட்டும் நான்கு சொற்களோடு நின்றுவிடுவார். தாலாட்டும் நின்றுபோனது. தமிழில் பேசினால் அவனுக்குக் கேடு செய்கிறோம் என்று நம்பினார்.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பர்டும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசி வளரும் டௌன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் ஆங்கிலம், அதே வளர்ச்சி நிலையில் ஒரே மொழியோடு வளரும் டௌன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்திருக்கவில்லை. பேச்சு தாமதமாகத்தான் வரும், ஆனால் அதற்கு இரண்டாவது மொழி காரணம் அன்று. மாமியார் தமிழில் பேசட்டும், பாடட்டும், திட்டவும் செய்யட்டும்.

பேச்சுக்கு முன் செவியைக் கவனியுங்கள். இப்பிள்ளைகளின் காதுத் துளை குறுகலானது. நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதும் மிகச் சாதாரணம். கேட்கிறதா என்பதைத் தவறாமல் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

18 பிப்ரவரி 2024

இன்று வாசிப்பைக் கற்பிக்கும் நூல் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பட்ரீஷியா ஓல்வைன் 1995இல் எழுதிய ‘டீச்சிங் ரீடிங் டு சில்ட்ரன் வித் டௌன் சிண்ட்ரோம்’ என் வாழ்க்கையை மாற்றிய புத்தகம். இதை நான் கண்டெடுத்தபோது தம்பிக்கு 38 வயது. படிக்கும் வயது போய்விட்டது என்று நாங்கள் எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம். இருபது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த நான், என் கூடப் பிறந்தவனுக்கு அட்டை ஒன்றைக்கூட எழுதிக் காட்டியதில்லை.

ஓல்வைனின் முறை எளிது. டௌன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவதைவிடக் கண்ணால் கண்டதை நிறுத்துவது எளிதாக இருக்கும். ஆகவே எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒலித்துக் கூட்டச் சொல்லாமல், முழுச் சொல்லையே ஒரு படம்போல அறிமுகம் செய்ய வேண்டும். முதலில் ஒரே சொல் எழுதிய இரண்டு அட்டைகளைச் சேர்க்கச் சொல்வது, பிறகு, “அக்கா எங்கே?” என்று கேட்டுப் பல அட்டைகளிலிருந்து அதை எடுக்கச் சொல்வது, கடைசியாகத்தான் அட்டையைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்பது. நாம் பள்ளியில் இந்த மூன்றாவது படியிலிருந்து தொடங்கிவிட்டு, பிள்ளைக்கு வரவில்லை என்கிறோம். சூ பக்லி இங்கிலாந்தில் 1980களிலிருந்து செய்துவந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: இப்பிள்ளைகளுக்கு வாசிப்பே பேச்சுக்கு வழிகாட்டும், பேச்சு வந்த பிறகு வாசிப்பு என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஆங்கிலத்தில் ‘பஸ்’ என்ற சொல் எந்த வாக்கியத்தில் வந்தாலும் பெரும்பாலும் அதே உருவத்தில் நிற்கும். தமிழில் ‘கடை’ என்று படித்தவன் முன்னால் ‘கடைக்கு’, ‘கடையில்’, ‘கடையிலிருந்து’ என்று வேற்றுமை உருபுகளோடு சொல் நீண்டுகொண்டே போகிறது. ‘மரம்’ என்று பழகிய பிறகு ‘மரத்தில்’ என்று எழுதினால், அவன் கண்ணுக்கு அது வேறொரு படம். ஒரு மாதம் தடுமாறினேன். பிறகு சொல்லை ஓர் அட்டையிலும் உருபை வேறு நிறத்தில் ஒரு சிறு அட்டையிலும் எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ‘மரம்’ போன்ற சொற்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

இன்னொரு சிக்கல் எனக்கே உரியது. முதல் வாக்கியமாக ‘நான் வீட்டிற்குச் செல்கிறேன்’ என்று எழுதி வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து போய்விட்டான். மறுநாள் ‘நான் வீட்டுக்கு போறேன்’ என்று எழுதினேன். ஒரு தமிழாசிரியைக்கு அப்படி எழுத விரல் நடுங்கியது. அவன் அதைச் சொல் சொல்லாக விரல் வைத்துப் படித்தான். படித்து முடித்ததும் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். வீட்டுக்குள்ளேயே இருந்தபடி வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. இருவரும் மின்தூக்கியில் இறங்கி, புளோக்கைச் சுற்றி நடந்து, மறுபடி வீட்டுக்கு வந்தோம். அதுதான் அவன் படித்து, பொருள் உணர்ந்து, செயலாக்கிய முதல் வாக்கியம்.

19 பிப்ரவரி 2024

கொச்சைத் தமிழை எழுதிக் கற்பிப்பது மொழிக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டிருக்கிறார். நானும் முப்பது ஆண்டுகள் அந்தக் கட்சியில் இருந்தவள்தான், அதனால் அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வாயில் இருக்கும் சொல்லும் அட்டையில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் எழுத்து என்பது பேச்சின் வடிவம் என்ற உண்மையே அவனுக்குப் பிடிபடும். அது பிடிபட்ட பிறகு எழுத்துத் தமிழுக்குக் கூட்டிப்போகலாம். தம்பி இப்போது ‘தமிழ் முரசு’ நாளிதழின் தலைப்புகளில் நான்கைந்து சொற்களைக் கண்டுபிடிப்பான். அவனுக்கு அதில் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை.

3 மார்ச் 2024

பழைய நூல்களில் இருக்கும் சொற்களைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். வெர்னரின் நூலிலும் இன்று எவரும் பயன்படுத்தாத சொற்கள் இருக்கின்றன என்பது உண்மை. நமக்கும் இந்தக் கதை இருக்கிறது. 1962இல் இங்கு அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த சொல்லை இன்று வசைச்சொல்லாகத்தான் கேட்போம். 1985இல் பெயரை மாற்றினார்கள், அதுவே இன்றைய மைண்ட்ஸ். தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்கிறார்கள், இங்கு ‘உடற்குறையுள்ளோர்’, ‘சிறப்புத் தேவையுடையோர்’ என்கிறோம். அம்மா ஆயுள் முழுவதும் “அவன் கொஞ்சம் மெதுவான பிள்ளை” என்றே சொன்னார். எனக்கு இன்றும் அதுவே பிடித்திருக்கிறது.

சொல்லுக்காக ஒதுக்கிவிடக் கூடாத நூல் ஒன்று உண்டு. நைஜல் ஹன்ட் என்ற ஆங்கிலேய இளைஞர், தாமே தட்டச்சு செய்து எழுதி 1967இல் வெளியான வாழ்க்கைக் குறிப்பு. டௌன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் எழுதி வெளிவந்த முதல் நூல் என்று அதைத்தான் சொல்வார்கள். அதன் தலைப்பில் மங்கோலிய இனத்தோடு ஒப்பிடும் பழைய பெயர் இருக்கிறது. ஜான் லாங்டன் டௌன் 1866இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. 1961இல் அறிவியலாளர்கள் சிலர் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி அதைக் கைவிடச் சொன்னார்கள். 1965இல் மங்கோலியா கேட்டுக்கொண்டதன் பேரில் உலகச் சுகாதார நிறுவனமும் கைவிட்டது. 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959இலேயே தெரிந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அட்டையில் அந்தப் பெயர் நின்றது. உள்ளே இருப்பதோ, தான் போன ஊர்கள், கேட்ட இசை, பார்த்த அணிவகுப்பு என்று உற்சாகமாகப் பேசும் ஓர் இளைஞரின் குரல். தலைப்பு மற்றவர்களின் சொல், உள்ளடக்கம் அவருடைய சொல்.

10 மார்ச் 2024

ஹாலந்து பற்றிய அந்தச் சிறு கட்டுரையை உங்களுக்கு எவரோ அனுப்பியிருக்கிறார்கள். எமிலி பெர்ல் கிங்ஸ்லி என்ற தாய் 1987இல் எழுதியது. இத்தாலிக்குப் பயணம் கிளம்பியவர் ஹாலந்தில் இறங்கிவிட்டதைப்போன்றது இப்படிப்பட்ட பிள்ளை பிறப்பது. அது மோசமான இடமல்ல, வேறோர் இடம். அங்கும் காற்றாலைகளும் டியூலிப் மலர்களும் உண்டு என்பார். உங்கள் மனைவி அதைப் படித்து அழுததாகச் சொல்கிறீர்கள். அழட்டும். முதல் ஆண்டில் அதைப்போல ஆறுதல் தரும் பக்கங்கள் குறைவு, நானே பலருக்குப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் பயணி, தாய். பிள்ளை ஒரு நாடாக இருக்கிறான். அவனுக்கும் பயணம் உண்டு, அவனுக்கும் போக நினைத்த ஊரும் போய்ச் சேர்ந்த ஊரும் உண்டு என்ற நினைப்புக்கு அதில் இடம் இல்லை. ஆகவே அதைப் படித்தவர்கள் அடுத்ததாக, அதே தாயின் மகன் எழுதியதைப் படிக்க வேண்டும். ஜேசன் கிங்ஸ்லியும் அவருடைய நண்பர் மிட்செல் லெவிட்ஸும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ‘கவுன்ட் அஸ் இன்’. இருவருக்குமே டௌன் சிண்ட்ரோம். ஜேசன் என் தம்பியைவிட ஒரு வயது மூத்தவர். இவன் எதையும் கற்கமாட்டான் என்று பிறந்தபோது சொன்ன மருத்துவருக்கு அவர் தம் பதிலை அதில் எழுதியிருக்கிறார். திருமணம், வேலை, வாக்களிப்பது, தனியாக வாழ்வது என்று நண்பர்கள் இருவரும் பேசிக்கொண்டே போகிறார்கள்.

24 மார்ச் 2024

இது குழந்தையின் தந்தைக்கு அல்ல. என்னைப்போல வயதான உடன்பிறப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரி தனியாகக் கேட்டதற்காக எழுதுகிறேன். தந்தையார் இதை இருபது ஆண்டு கழித்துப் படிக்கலாம்.

தம்பி இரவில் தனக்குத்தானே பேசுவான். விளக்கை அணைத்த பிறகு அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார், கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். நான் படித்தவள் என்பதால் மனநோய் என்று பயந்தேன். எங்கள் இருவருடைய பயத்துக்கும் பெயர்தான் வேறு. டென்னிஸ் மெக்வைரும் பிரையன் சிகோயினும் 2006இல் வெளியிட்ட ‘மென்டல் வெல்னஸ் இன் அடல்ட்ஸ் வித் டௌன் சிண்ட்ரோம்’ நூலைப் படித்த பிறகுதான் தெளிந்தேன். டௌன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோர் தமக்குத்தாமே பேசிக்கொள்வார்கள் என்றும், அன்றைய நாளைத் தமக்குள் அடுக்கிப் பார்க்க அது உதவுகிறது என்றும், பேச்சின் அளவோ தொனியோ திடீரென மாறினால் மட்டும் கவலைப்பட வேண்டும் என்றும் அந்த நூலாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அன்றிரவு அவன் அறைக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்டது சரியா என்று இன்றும் எனக்கு உறுத்தல் உண்டு. உள்ளே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்: “அங்கிள் கத்தினார். டப்பா கீழ விழுந்துச்சு. நான் தள்ளல. நான் கத்தல. நான் நல்ல பையன்.” அவன் போகும் பட்டறையில் அன்று யாரோ திட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் “இன்னிக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டதற்கு “ஓகே” என்று மட்டும் சொன்னவன், சுவரிடம் முழு வழக்கையும் நடத்திக்கொண்டிருந்தான்.

அந்த நூல் எனக்கு இன்னொரு முறையும் கைகொடுத்தது. 2021இல் அவன் மெல்ல மெல்ல மங்கினான். பகலெல்லாம் தூக்கம், சட்டையை மடிக்க மறந்துபோனான், இறங்க வேண்டிய நிறுத்தம் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு மருத்துவர் அவனைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவர்களுக்கு மறதிநோய் வருவது இயல்பு, எதிர்பார்க்க வேண்டியதுதான் என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஏபிபி மரபணு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அது மூன்று படிகள் இருப்பதால் நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லாருடைய மூளையிலும் அந்நோயின் தடயங்கள் படிந்துவிடுகின்றன. ஆனால் மறதி வெளியே தெரிவது பெரும்பாலும் ஐம்பதுகளில்தான். அதற்கு முன் தைராய்டு, செவி, கண்புரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்க வேண்டும் என்கிறது நூல். நான் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகக் குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு காலையில் சலவைக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை யாரும் கேட்காமலேயே என் சட்டைகளையும் சேர்த்து மடித்து வைத்திருந்தான்.

ஒரு புத்தகம் தன் விலையை மீட்டுத் தருவது இப்படித்தான்.

25 மார்ச் 2024

நேற்றைய குறிப்பில் ‘என்னை யாரும் கேட்காமலேயே’ என்பது பிழை. ‘யாரும் அவனைக் கேட்காமலேயே’ என்று இருக்க வேண்டும்.

7 ஏப்ரல் 2024

பிள்ளைக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான், ஏழு வயது, அவனுக்கு என்ன படிக்கக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். ஏழு வயதுக்குப் புத்தகத்தைவிட ஓர் அனுமதி வேண்டும்: எரிச்சல்படலாம், வெட்கப்படலாம், அதை வாய்விட்டுச் சொல்லலாம் என்ற அனுமதி. எனக்கு அது கிடைக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, சந்தைக்கு இருவரையும் அனுப்பினால் நான் தம்பிக்குப் பத்தடி முன்னால் நடப்பேன். எதிரே வகுப்புத் தோழிகள் வந்தால் அவன் யாரோ என்பதுபோல இருப்பேன். அவன் “அக்கா, அக்கா” என்று பின்னாலேயே வருவான். அம்மாவிடம் சொல்லவே இல்லை.

ரேச்சல் சைமன் 2002இல் எழுதிய ‘ரைடிங் தி பஸ் வித் மை சிஸ்டர்’ நூலை ஐம்பது வயதில் படித்தபோதுதான் அந்தப் பத்தடியைப் பற்றி முதல் தடவையாக வேறொருவரிடம் பேசினேன். அறிவுசார் குறைபாடுள்ள அவருடைய தங்கைக்கு நாள் முழுவதும் பேருந்தில் சுற்றுவதே வாழ்க்கை. ஓட்டுநர்கள் அனைவரையும் தெரியும். அக்கா ஓராண்டுக் காலம் அவ்வப்போது அவரோடு ஏறிச் சுற்றி அதை எழுதினார். தமக்கு வந்த கோபத்தையும் சலிப்பையும் மறைக்கவில்லை. தங்கையை ஒரு தெய்வக் குழந்தையாக ஆக்கவும் இல்லை. இந்தத் ‘தெய்வக் குழந்தை’ என்ற சொல்லை நம் உறவினர்கள் உங்களிடமும் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் தெய்வத்துக்குப் பல்வலி வராது, தெய்வத்துக்குத் தனியாகப் பேருந்தில் போகவும் ஆசை வராது. என் தம்பிக்கு இரண்டும் வருகின்றன.

21 ஏப்ரல் 2024

பிப்ரவரி 5ஆம் தேதி சொன்ன வரிசையை மாற்றிக்கொள்கிறேன். முதலில் ‘கவுன்ட் அஸ் இன்’ போன்று அவர்களே எழுதியதைப் படியுங்கள், அதன் பிறகு பராமரிப்பு நூல்களுக்கு வாருங்கள். என் மனத்தை மாற்றியது நாங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் சில பக்கங்கள்.

எனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கேள்வியை நான் நீண்ட காலம் தள்ளிப்போட்டேன். உங்களுக்கு நாள் இருக்கிறது, ஆனாலும் பெயரளவில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி 2008இல் இதற்காகவே அமைந்தது. 5,000 வெள்ளி வைத்து அறநிதி (பிள்ளையின் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்கும் பணம்) தொடங்கலாம், பணத்தைப் பொது அறங்காவலர் அலுவலகம் வைத்திருக்கும். பெற்றோரின் மத்திய சேமநிதித் தொகை, அவர்கள் மறைவுக்குப் பின் பிள்ளைக்கு மாதாமாதம் போய்ச் சேர ஒரு திட்டமும் உண்டு. பிள்ளைக்கு 21 வயதானதும் பெற்றோர் என்பதாலேயே அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இராது. மனநல ஆற்றல் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பொறுப்பாளராக நியமனம் பெற வேண்டும்.

அறநிதியோடு ஒரு கடிதமும் எழுதச் சொல்கிறார்கள். அடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறவர், பிள்ளையை அறிந்துகொள்வதற்காக: என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், எப்போது தூங்குவான், எது அவனை அமைதிப்படுத்தும். நான் ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதினேன். தம்பியைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. சென்ற ஞாயிறு இரவு, சாப்பிட்டு முடித்த பிறகு, எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

“காலையில் தோசை. சர்க்கரை தொட்டுக்கொள்வான்” என்று படித்தேன்.

“இல்லக்கா.”

“என்ன இல்ல?”

“சர்க்கரை அம்மா. நான் சட்னி.”

அம்மா அவனுக்குச் சர்க்கரை வைத்தார். அம்மாவுக்குப் பிறகு நானும் எட்டு ஆண்டாகச் சர்க்கரையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

“ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?”

“நீ கேக்கல.”

பேனாவை எடுத்துத் திருத்தினேன். அடுத்த வரியில், இருட்டுக்குப் பயப்படுவான், சிறு விளக்கு வேண்டும் என்று எழுதியிருந்தேன். விளக்கு வேண்டாமாம், கதவு திறந்திருக்க வேண்டுமாம். மருத்துவமனைக்குப் போகும்போது முன்கூட்டியே சொல்லக் கூடாது, பயந்துவிடுவான் என்று எழுதியிருந்ததைக் கேட்டதும் வெகுநேரம் தலையை ஆட்டினான். “சொல்லணும்” என்றான். “நேத்தே சொல்லணும்.” இரண்டு பக்கத்தில் பதினொரு திருத்தம். மூன்றாம் பக்கத்தை எடுத்தபோது கடிகாரத்தைப் பார்த்து, மணி பத்து, மீதி நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

கதவைத் திறந்தே விட்டு வந்தேன்.